கரையோரமாகப் பத்து நாள்

‘நேரமாகிறது’ என்னும் சொல்லை என் பணிக்காலத்தில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஊட்டப்பெற்ற முதற்பாடமே நேரக் கட்டுப்பாடுதான். பீடிகைக்கு ஐந்து நிமிடம், பாட வளர்ச்சிக்கு இருபது நிமிடம், முடிவுக்கு ஐந்து நிமிடம் எனப் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை, பிற்காலத்தில் பயணத்திற்கும் அவ்வாறே எழுதத் தொடங்கிவிட்டது. மாணவர்களைச் சுற்றுலாவிற்கு அழைத்துச் சென்றால் காலை ஆறு மணிக்குப் பேருந்து புறப்பட்டாக வேண்டும். மலாக்காவில் ஒன்றரை மணி நேரம், போர்ட்டிக்சனில் முக்கால் மணி நேரம், மாலை ஏழுக்குள் பள்ளி வாயில். பிள்ளைகள் எதைக் கண்டனர், எதைக் கண்டு வியந்தனர் என்பதெல்லாம் என் குறிப்பேட்டில் இராது. எத்தனை மணிக்கு எத்தனை பேர் திரும்ப ஏறினர் என்பது மட்டும் பிழையின்றி இருக்கும்.

இப்பழக்கத்தால் என் அன்னையார்க்கு நான் இழைத்த குறை ஒன்று உண்டு. அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடர இயலாது.

என் அன்னையார் 1953ஆம் ஆண்டில், தம் ஏழாம் வயதில், நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கியவர். முன்னரே நிபோங் திபால் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் பாட்டனாரிடம் வந்து சேர்ந்தது அக்குடும்பம். 2011ஆம் ஆண்டில் உறவினர் திருமணமொன்றின் பொருட்டு நாங்கள் சிரம்பானிலிருந்து பினாங்கிற்குச் சென்றோம். விருந்து முடிந்து திரும்பும்பொழுது, காரின் பின்னிருக்கையிலிருந்து அன்னையார், “அய்யா, நாங்க வந்து எறங்குன எடத்தை ஒரு வாட்டி பாத்துட்டுப் போவமா?” என்று கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுநாள் பள்ளியில் அதிகாரிகளின் வருகை இருந்தது. “இன்னொரு நாளைக்கு வரலாம்மா, நேரமாகுது” என்றேன். அவர் சரியென்று சொல்லிவிட்டார். அதன்பின் ஒருமுறையும் அதனைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் அதனை மறந்தே போனேன் என்பதுதான் உண்மை.

பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. தந்தையார் மறைந்தார். அன்னையாரின் முழங்கால்கள் தளர்ந்தன. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பள்ளி ஆண்டிறுதி விடுமுறையை எவ்வாறு கழிப்பது என்று நான் நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தபொழுது என் துணைவியார், “அத்தைக்கு எழுபத்தெட்டு ஆகுதுங்க. நீங்க ஓய்வு பெறுற வரைக்கும் அவங்க காத்திருக்கணுமா?” என்று கேட்டார். அன்றிரவே பத்து நாள் பயணமொன்று முடிவாயிற்று.

நெடுஞ்சாலை வழியே சென்றால் சிரம்பானிலிருந்து பினாங்கு ஐந்து மணி நேரத் தொலைவுதான். 1994ஆம் ஆண்டில் வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட நாள்முதல் நம்மவர் எல்லாரும் அவ்வழியேதான் பறக்கின்றனர். ஆயின் அன்னையாரால் ஒரு மணி நேரத்திற்கு மேல் காரில் கால் மடக்கி அமர்ந்திருக்க முடியாது. ஆகவே பழைய சாலையைத் தேர்ந்தோம். ஸ்கூடாயில் தொடங்கி, கரையை ஒட்டியும் விலகியும் வடக்கே ஏறி, ஈப்போவில் முடியும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை அது. முதலில் தெற்கே மலாக்காவிற்கு இறங்கி, அங்கிருந்து கரையோரமாகவே வடக்கு நோக்கி வருவதெனத் திட்டமிட்டோம். முழங்கால் வலி எங்களுக்குச் செய்த பேருதவி அது.

இவ்வழியே செல்ல விரும்பும் அன்பர்கட்குச் சிலவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றேன். மேலைக் கரையின் கடல், நாட்காட்டிப் படங்களில் காணும் நீலக் கடலன்று. வெண்மணலும் தெளிநீரும் வேண்டுவோர் கிழக்குக் கரைக்கே செல்க. அதுவும் ஆண்டிறுதிப் பருவமழை ஓய்ந்த பின்னரே செல்க. மலாக்கா நீரிணையின் இக்கரை பெரும்பாலும் சேறும் கண்டற்காடுமாகும். நீரின் நிறம் தேநீரை ஒத்தது. இதனைக் குறையென நினைப்பவர் முதல் நாளே சோர்ந்துவிடுவர். ஆனால் மீனும் நண்டும் இறாலும் மட்டியும் இச்சேற்றில்தான் பிறக்கின்றன. அவற்றை நம்பிய ஊர்களும் இச்சேற்றின் விளிம்பில்தான் எழுந்தன. பண்டைப் புலவர் நெய்தலென்று பாடியது வெறும் மணற்பரப்பை அன்று. கழியும் சேறும் உப்பும் உணங்கும் மீனும் சேர்ந்ததே நெய்தல்.

அடுத்தது, நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது. காலை பத்து மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் அடுத்த ஊரை அடைந்துவிடுதல் நலம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளை முந்திச் செல்ல முயல்வது வீண் வேலை. அவை தாமே ஏதேனும் ஓர் ஆலைக்குத் திரும்பிவிடும். முதியோருடன் செல்வோர் ஒரு மடக்கு நாற்காலியைக் காரில் கட்டாயம் வைத்திருத்தல் வேண்டும். எங்கள் பயணத்தில் நாங்கள் எடுத்துச் சென்ற பொருள்களிலெல்லாம் மிகுதியும் பயன்பட்டது அந்த நாற்காலியே. சில்லறை வெள்ளி கையிலிருக்கட்டும். கரையோர ஒட்டுக்கடைகள் எல்லாவற்றிலும் கைப்பேசியைக் காட்டிக் காசு கட்ட இயலாது.

இவையனைத்தினும் இன்றியமையாதது கடலின் நேரத்தை அறிந்திருத்தல். நாளொன்றில் கடல் இருமுறை ஏறி இருமுறை வடிகின்றது. இன்று ஏறிய நேரத்தினும் நாளை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தியே ஏறும். நிறைமதியும் மறைமதியும் வரும் நாள்களை ஒட்டி ஏற்றமும் மிகும், வற்றும் மிகும். கரையோர ஊர்களில் படகு புறப்படுவதும், மீன் வந்திறங்குவதும், மீன்கடை கலகலப்பதும் இக்கணக்கின்படியே. அலை நேர அட்டவணை இந்நாளில் கைப்பேசியிலேயே கிடைக்கின்றது. நான் அதனை முதல் நாளே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பழக்க தோஷந்தான், ஆனால் மணியடிப்பவன் நானல்லன் என்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

மலாக்காவில் இரண்டு இரவுகள் தங்கினோம். மாணவர்களுடன் பத்துப் பன்னிரண்டு முறை வந்த ஊர்தான்; ஒருமுறையேனும் காலை ஏழரை மணிக்கு அதன் தெருவில் நடந்ததில்லை. சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேருமுன்னர் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்குச் செல்ல வேண்டும். 1781ஆம் ஆண்டைச் சேர்ந்த பொய்யாத விநாயகர் கோயிலும், கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளிச் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அடுத்தடுத்து விழித்தெழுவதைக் காணலாம். அன்னையார் விநாயகர் சந்நிதியில் நாற்காலியிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். அன்று மாலை காஜா பெராங் பகுதிக்குச் சென்று செட்டி சமூகத்தாரின் கம்பத்தைக் கண்டோம். மலாக்கா சுல்தானியக் காலத்தில் வாணிகம் செய்ய வந்த தமிழரின் வழிவந்தோர் இவர்கள். பேசுவது மலாய், வழிபடுவது நம் தெய்வங்களை. கெபாயா உடுத்திய மூதாட்டி ஒருவரோடு அன்னையார் தமக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் அரைமணி நேரம் உரையாடினார். காரில் ஏறியதும், “பாக்கறதுக்கு நம்ம சின்னம்மா மாதிரி இருக்காங்க; பேச்சு மட்டும் வேற” என்றார்.

செயின்ட் பால் குன்றின் அடியில் நின்றபொழுது, கடல் எங்கே என்று அன்னையார் கேட்டார். ஒரு காலத்தில் அக்கோட்டை வாயிலின் அருகிலேயே அலை வந்து மோதியது. கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கியதால் இன்று கரை நெடுந்தொலைவு விலகிவிட்டது. கரை என்பது நிலையான கோடு என்று மாணவர்க்கு வரைபடம் வரைந்து காட்டியவன் நான்.

மூன்றாம் நாள் போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவானை அடைந்தோம். நெகிரி செம்பிலானுக்குள் இருந்துகொண்டே மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த விந்தை நிலம் அது. கலங்கரை விளக்கத்திற்குச் செல்லும் பாதை மேடு. அன்னையார் அடிவாரத்தில் நாற்காலியில் அமர, நான் மட்டும் ஏறினேன். பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை இங்கு வருவோர் பகல் பதினொரு மணிக்கு மேல் வானத்தைப் பார்க்க வேண்டும். தெற்கே குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து இம்முனையில்தான் கரையேறுகின்றன. வெயிலில் சூடாகி நிலத்திலிருந்து எழும் காற்றில் சிறகை விரித்து மிதந்தே நெடுவழி செல்லும் பறவைகள் இவை. கடலின்மேல் அத்தகைய காற்று கிட்டாது. சிறகடித்தே கடக்க வேண்டும். ஆகவே குறுகலான இடம் தேடி வருகின்றன. களைத்துப்போய், மரவுச்சியைத் தொடுவதுபோல் தாழப் பறந்து வந்த ஏழெட்டுப் பறவைகளை நான் கண்டேன். இறங்கி வந்து அன்னையாரிடம் சொன்னேன். “கைப்புள்ளைங்க இருந்தா அதுங்க என்ன பண்ணும்?” என்று அவர் கேட்டார். குஞ்சுகள் வளர்ந்த பின்னரே அவை பயணம் புறப்படும் என்று விடை சொன்னேன். அக்கேள்வியின் பொருளை அன்று நான் அறியவில்லை.

கிள்ளானில் ஓரிரவு. தெங்கு கிளானா தெருவைப் பற்றி நான் எழுத வேண்டுவதில்லை. நம்மவர்க்கு அது சொந்த வீட்டுக் கூடம்போல. 1901ஆம் ஆண்டில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று திறக்கப்பெற்று, 1972 முதல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகத்தையும் தொலைவிலிருந்து பார்த்தோம். ரஜூலா பினாங்கை விட்டால் அடுத்து நின்ற துறை இதுவே. அங்கே இன்று பெட்டிச் சரக்குகளின் மலைதான் தெரிகின்றது.

அடுத்து வந்த கோல சிலாங்கூரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மெலாவாத்திக் குன்றும், 1907ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கமும், கையிலிருப்பதைப் பிடுங்காமல் வாங்கித் தின்னும் வெள்ளி நிறக் குரங்குகளும் பகலுக்குரியவை. இரவுக்குரியது கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள் நிற்கின்றன. அவற்றில் குடியிருக்கும் மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அணைகின்றன. நிலவில்லாத இரவையே தேர்ந்தெடுக்க வேண்டும். மழை பெய்தால் போகலாகாது. கைப்பேசி விளக்கையோ படக்கருவி வெளிச்சத்தையோ பயன்படுத்துதல் பெரும்பிழை. எங்கள் நல்வினை, அவ்வாரம் தேய்பிறை. நள்ளிரவு வரை நிலவில்லை.

சிறிய மரப்படகு. அதில் அன்னையாரை இறக்குவதுதான் கடினமாயிற்று. படகோட்டி மலாய்ப் பெரியவர். அவர் ஒரு காலைப் படகிலும் ஒரு காலைத் துறையிலும் ஊன்றி நின்று, இரு கைகளையும் நீட்டி, “பெலான்-பெலான், மக்சிக்” என்றார். பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றனர். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அன்னையார் படகில் அமர நான்கைந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்நேரமெல்லாம் வெட்கத்தால் நெளிந்தவன் நான் ஒருவனே.

துடுப்பின் ஒலியைத் தவிர வேறொலி இல்லை. மரமொன்று இருளில் மூச்சுவிடுவதுபோல் ஒளிர்ந்தது, அணைந்தது, மீண்டும் ஒளிர்ந்தது. என் துணைவியார் கைகூப்பிவிட்டார். அன்னையாரோ மெல்லிய குரலில், “விடியக்காத்தால வெட்டுக்குப் போகையில இப்படித்தான் இருக்கும். தலையில வெளக்கக் கட்டிக்கிட்டு நெரை நெரையா எல்லாரும் போவாங்க. எங்கம்மா வெளக்கு எதுன்னு தூரத்துலருந்தே நான் சொல்லிடுவேன்” என்றார். என் பாட்டியாரைப் பற்றி அன்னையார் தாமாகப் பேசிய அரிய தருணங்களுள் அஃதொன்று. பாட்டியார் அதிகம் பேசாதவர். பினாங்கிற்கு வெகு அருகில் வாழ்நாளைக் கழித்தும், தோட்டமே திரண்டு தைப்பூசத்திற்குச் சென்றபொழுதும், அவர் மட்டும் ஒருமுறையேனும் பினாங்கில் கால் வைத்ததில்லை. கப்பலில் பட்ட பாட்டினால் கடலைக் கண்டாலே அவருக்கு அச்சம் என்று நாங்கள் கருதியிருந்தோம்.

செகிஞ்சானில் வயல் பசுமையாக இருந்தது. ஆண்டுக்கு இருபோகம் விளையும் ஊர். நடவு முடிந்த சில வாரங்களிலோ அறுவடைக்குச் சற்று முன்னரோ சென்றால் கண்ணுக்கு விருந்து. இடைப்பட்ட காலத்தில் சென்றால் வெறும் கட்டாந்தரை. அங்கே நண்பகல் உணவுக்கு மீன் நன்று. சபாக் பெர்ணம் வட்டாரத் தென்னந்தோப்புகளைக் கடந்து பேராக் மாநிலத்திற்குள் புகுந்தோம். தெலுக் இந்தானில், 1885ஆம் ஆண்டில் தண்ணீர்த் தொட்டியாகக் கட்டப்பெற்றுப் பின் ஒருபுறம் சாய்ந்துபோன கோபுரத்தின்முன் அன்னையார், “இதுவும் என் முட்டி மாதிரி ஒரு பக்கமாத்தான் நிக்குது” என்று சிரித்தார். தெலுக் ஆன்சன் என்றிருந்த அவ்வூர்ப்பெயர் 1982இல் மாறியது. எங்கள் தலைமுறையினர் வாயில் இன்றும் பழைய பெயரே வருகின்றது.

லுமுட்டில் காரை நிறுத்திவிட்டுப் படகில் பங்கோர் தீவுக்குச் சென்றோம். படகு முதலில் சுங்கை பினாங் கெச்சில் துறையில் நிற்கும். பத்திரகாளியம்மன் கோயிலுக்குச் செல்வோர் அங்கேயே இறங்கிவிடலாம். கடலை நோக்கிய கோயில் அது. மாசிமகத் திருவிழா அங்குப் பெயர் பெற்றது. நாங்கள் சென்றது அத்திருவிழா முடிந்த பின்னர். கூட்டமில்லாத கோயிலில் அன்னையார் நிறைவோடு வழிபட்டார். தீவைச் சுற்ற இளஞ்சிவப்பு நிற வாடகை வேன்கள் உள்ளன. கட்டணத்தை ஏறுமுன் பேசிக்கொள்வது நன்று. டச்சுக்காரர் 1670இல் கட்டிய கோட்டையின் செங்கற்சுவர்களையும் கண்டோம். ஆனால் எங்களை நீண்டநேரம் நிறுத்தி வைத்தது நெத்திலி உலர்த்தும் களம். படகு திரும்புகையில் சற்றே ஆடியது. அன்னையார் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, கப்பலின் தளத்தில் பாய் விரித்து இடம் பிடித்ததையும், தகரப் பெட்டியின்மேல் தாம் உறங்கியதையும் சொன்னார். “அம்மா மடியில எடமில்ல” என்றார். ஏன் இடமில்லை என்று நான் கேட்கவில்லை. ஆசிரியர் தொழிலில் கேள்வி கேட்பது பாதி. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமென்று அறிவது மறுபாதி. எனக்கு முதற்பாதிதான் வாய்த்திருக்கின்றது.

தைப்பிங்கிற்கு மேற்கே கோல செபெத்தாங். போர்ட் வெல்ட் என்பது அதன் பழைய பெயர். இந்நாட்டின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து இவ்வூருக்குத்தான் போடப்பட்டது. அதனை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படையினர் கொண்டுவரப்பட்டனர். இன்று தண்டவாளம் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கின்றது. அதில் நான்கு வகை எழுத்துகளில் ஊர்ப்பெயர் எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று தமிழ். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த அன்னையார் எழுத்துக்கூட்டி அதனைப் படித்தார். நம் மேடைப் பேச்சாளர்கள் 1025ஆம் ஆண்டில் கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்திய இராசேந்திர சோழனைச் சொல்லிவிட்டு, ஒரே தாவலில் விடுதலை நாளுக்கு வந்துவிடுகின்றனர். நானும் அப்படிப் பேசியவனே. இடையில் தளப் பயணிகளாய்ப் பாய் விரித்து வந்த பல்லாயிரம் பேர் அத்தாவலில் விடுபட்டுப் போகின்றனர்.

மாத்தாங் கண்டற்காட்டின் மரங்களைக்கொண்டு கரி சுடும் சூளைகளைக் காண்பதே அங்கு என் திட்டம். முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டுவதும் மீண்டும் வளர்ப்பதுமாக, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒழுங்குடன் பேணப்படும் காடு அது. ஆனால் பங்கோரில் பிந்திப் புறப்பட்டதால் நாங்கள் சென்றபொழுது அன்றைய வேலை முடிந்து ஆட்கள் போய்விட்டனர். வாயடைத்த சூளைகளைத்தான் பார்த்தோம். எனக்குச் சினம் வந்தது; துணைவியாரிடம் அதனைக் காட்டவும் செய்தேன். நான் குறைபட்டுக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் அன்னையார் நீர்வற்றிய கழியோரத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து, சேற்றில் தாவும் மீன்கள் வளைக்குள் புகுவதையும் வெளிவருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாட்காலை மீண்டும் வந்து சூளை வேலையையும் கண்டோம் என்பதை இங்குச் சேர்த்துவிடுகின்றேன். பயணத்தில் ஒரு நாளையேனும் எத்திட்டமும் இல்லாமல் விட்டுவைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எட்டாம் நாள் பட்டர்வொர்த். பினாங்கிற்குள் பாலத்தின் வழியே போகலாம். 1985இல் ஒரு பாலமும் 2014இல் மற்றொரு பாலமும் வந்துவிட்டன. கார்களை ஏற்றிச் சென்ற பழைய இரட்டைத் தட்டுப் படகுகள் இன்று இல்லை. 2023 முதல் ஓடும் புதிய படகுகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. ஆகவே காரை இக்கரையிலேயே நிறுத்திவிட்டு, அன்னையார் கடல்வழியாகவே பினாங்கில் இறங்கட்டும் என்று படகேறினோம். என் மனத்தில் பதின்மூன்று ஆண்டுக் கடன் தீரப்போகும் பெருமிதம் இருந்ததை மறைப்பதற்கில்லை.

கரையிறங்கியதும் துறைமுக முகப்பைக் காட்டி, “இதோம்மா, நீங்க வந்து இறங்குன இடம்” என்றேன். அன்னையார் கட்டடங்களை இப்புறமும் அப்புறமும் பார்த்தார். “இதுவா? இது எனக்கு ஞாபகமில்லியேய்யா” என்றார். ஊர் மாறிவிட்டது, அதனால்தான் தெரியவில்லை என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். “ஜெட்டியப் பாக்கணும்னு நான் எப்பய்யா கேட்டேன்? எங்களை மொதல்ல எறக்குனது தீவுல. அதைத்தான் கேட்டேன்.”

அக்காலத்தில் கப்பலில் வந்த தளப் பயணிகளை நேரே நகருக்குள் விடாமல், நோய்த் தடுப்பின் பொருட்டு ஜெரெஜாக் தீவில் சில நாள் தங்கவைப்பர் என்பதை நான் படித்திருக்கின்றேன், மாணவர்க்குச் சொல்லியுமிருக்கின்றேன். 2011இல் அன்னையார் கேட்ட இடம் எது என்று கேட்கக்கூட எனக்கு நேரமில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக நான் நினைவில் வைத்திருந்தது தவறான இடத்தை. அதையும் துணைவியார் நினைவூட்டிய பின்னரே.

மறுநாட்காலை லெபோ குவீன் மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். வழியில் பூக்கடையில் அன்னையார் ஒரு முழம் மல்லிகை வாங்கினார். கோயிலில் அதனைக் கொடுக்கவில்லை, கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். மாலையில் வாடகைக் கார் பிடித்து, தீவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே சென்றோம். ஜெரெஜாக் எதிரிலேயே தெரிந்தது. அடர்ந்த பச்சைக் குன்று. இடையே ஒடுங்கிய கடல். தூண்டில் போடுவோர் சிலர் கற்சுவரில் அமர்ந்திருந்தனர். நாற்காலியை விரித்தேன். அன்னையார் நெடுநேரம் பார்த்தார். பின் எங்களை நோக்காமலே பேசினார்.

“எனக்குப் பின்னால ஒருத்தன் இருந்தான்யா. கைப்புள்ள. கப்பலேறுறப்பவே காச்சல். அங்கதான் போயிட்டான். அங்கயே வச்சிட்டு வந்துட்டோம். எங்கப்பாவுக்குக்கூட மூஞ்சியக் காட்ட முடியல. எங்கம்மா அதப்பத்திப் பேசவே கூடாதுன்னுட்டாங்க.”

எனக்கொரு தாய்மாமன் இருந்தார் என்பதை என் ஐம்பத்து நான்காம் வயதில் அறிந்தேன். பெயரைக் கேட்டேன். முறையாகப் பெயர் சூட்டவில்லை என்றும், வீட்டில் ‘சின்னவன்’ என்று அழைத்தனர் என்றும் சொன்னார்.

அன்னையார் கைப்பையிலிருந்து மல்லிகையை எடுத்தார். அப்பொழுதுதான் கீழே பார்த்தோம். கடல் வற்றியிருந்தது. கற்சுவரின் அடியில் நெடுந்தூரத்திற்குச் சேறு. பூவை அங்கிருந்து போட்டால் சேற்றில்தான் விழும். துணைவியார் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். மறைமதியை நெருங்கும் நாள்கள். நீர் நன்கு நிறைவது மறுநாட் பகலில்தான். மறுநாட்காலை பினாங்கை விட்டுப் புறப்பட்டு, அதற்கடுத்த நாள் புதிய பள்ளியாண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்தை நான் நடத்துவதாக இருந்தது.

அங்கிருந்தே துணைத் தலைமையாசிரியரை அழைத்து, கூட்டத்தை அவரே நடத்திவிடும்படி கேட்டுக்கொண்டேன். உடம்புக்கு ஏதேனும் ஆயிற்றா என்று அவர் பதறினார். ஒன்றுமில்லை, கடல் வற்றியிருக்கின்றது என்றேன். அவர் என்ன எண்ணிக்கொண்டாரோ, நான் அறியேன்.

பூ வாடாமலிருக்க, விடுதியில் அன்னையார் அதனை ஈரத்துணியில் சுற்றி வைத்தார். மறுநாட் பகல் வெயில் கடுமையாக இருந்தது. குடை பிடித்துக்கொண்டு கற்சுவரருகே காத்திருந்தோம். நீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்தக் கல் மறைந்திருக்கும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் நீர் சுவரைத் தொட்டது. நான் தோளைப் பற்றிக்கொள்ள, அன்னையார் குனிந்து மல்லிகையை விட்டார். அது தீவின் பக்கம் போகவில்லை. சுவரை ஒட்டியே மெல்லத் தெற்கு நோக்கி நகர்ந்தது. தூண்டிற்காரர் ஒருவர் தம் நூலைத் தூக்கி அதற்கு வழிவிட்டார்.

அது கண்ணுக்கு மறையும் வரை அன்னையார் நின்றார். பின் நாற்காலியில் அமர்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, “இங்க எங்கயாச்சும் தேத்தண்ணி கெடைக்குமாய்யா?” என்று கேட்டார்.